குயில் குன்றுக்காரர் பென்னிகுயிக்: ஆங்கிலேய, ஸ்காட்டிஷ் குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன?

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக்கைத் தேனிப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. பிள்ளைகளுக்கே அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்ல ஆள் கிடைக்காது. ஸ்காட்லாந்தில், எடின்பரோ நகருக்குத் தெற்கே, பெனிகுக் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஆங்கிலம் நுழைவதற்கு முன்பு பேசிய பழைய பிரிட்டானிய மொழியில் 'பென்' என்றால் தலை, குன்று. 'கோக்' என்றால் குக்கூப் பறவை, நம் குயிலின் பங்காளி. ஆக, குயில் குன்று. அந்த ஊரை வைத்து ஒரு குடும்பத்துக்குப் பெயர் அமைந்தது. எழுதியவர் கைக்குத் தகுந்தபடி பெனிகுக், பென்னிகுக், பென்னிகுயிக் என்று அதன் எழுத்து மாறியது. பல தலைமுறைகளுக்கு அப்புறம் புனேயில் பிறந்த ஒரு பொறியாளர் அதைச் சுமந்துகொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்து சேர்ந்தார். தமிழில் எழுதும்போது அதற்குள் பாதிக் குயில் வந்து உட்கார்ந்துகொண்டது தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி வந்தவைதான். நல்ல பெயராகப் பார்த்துச் சூட்டிக்கொண்டவர்கள் மிகக் குறைவு. ஊரார் ஒரு பெயரால் கூப்பிட்டார்கள், காதில் விழுந்ததை ஓர் எழுத்தர் எழுதினார், எழுதியது நிலைத்துவிட்டது. கூப்பிட்டவர் யார், எழுதியவர் யார் என்ற இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டால், விசித்திரமாகத் தெரியும் பல பெயர்கள் பிடிபட்டுவிடும்.

வில்லியம்கள் பெருகிய காலம்

1066இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அதற்கு முன்பு அங்கிருந்த ஆங்கிலோ-சாக்சன் மக்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான்: காட்வின், லியோஃப்ரிக், எதல்ரெட். இரண்டு சொற்களைச் சேர்த்துப் புதுசு புதுசாகப் பெயர் செய்துகொள்ளும் வழக்கம் இருந்ததால் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கொரு பெயர் இருக்கும்போது துணைப்பெயர் எதற்கு?

நார்மன்கள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஆண்டவர்களின் பெயர்களான வில்லியம், ராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி ஆகியவற்றையும், திருச்சபை வழி வந்த ஜான், தாமஸ் போன்றவற்றையும் குடியானவர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். சில தலைமுறைகளில் ஒரே ஊரில் ஏழெட்டு ஜான்கள். நம் ஊரில் நாலு முருகன்கள் இருந்தால் என்ன செய்கிறோம்? மாரியப்பன் மகன் முருகன், கொத்தனார் முருகன், மேட்டுத்தெரு முருகன், கட்டை முருகன். அவர்களும் அதையேதான் செய்தார்கள். தந்தை, தொழில், இடம், பட்டப்பெயர் என்ற இந்த நான்கு வழிகளுக்குள் ஆங்கிலேயக் குடும்பப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கொத்தனார் முருகனின் மகன் பேருந்து ஓட்டினால் அவரை யாரும் கொத்தனார் என்று கூப்பிட மாட்டார்கள். இங்கிலாந்திலும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. மில்லர் எனப்பட்ட மாவரைப்பவரின் மகன் தையல்காரர் ஆனால் அவர் டெய்லர். பெயர் வழிவழியாக இறுகியது முதலில் நிலவுடைமையாளர்களிடம்தான். தந்தையின் நிலத்தோடு அவர் பெயரும் மகனுக்கு வந்தால் உரிமையைக் காட்டுவது சுலபம். சாதாரண மக்களிடம் அது மெல்லப் பரவி, ஏறக்குறைய 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலானோருக்குப் பரம்பரைப் பெயர் இருந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் போட்ட தலைவரிக்காக ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். பெயர் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இன்றைக்கும் அவைதான் சுரங்கம். பிறகு 1538இல், எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். ஏட்டில் ஏறியதும் பெயர் இன்னும் கெட்டிப்பட்டது.

ராபர்ட்டைக் கண்டுபிடியுங்கள்

தந்தை பெயரிலிருந்து வந்தவை எளிது என்று தோன்றும். ஜான்சன் என்றால் ஜானின் மகன், ராபர்ட்சன் என்றால் ராபர்ட்டின் மகன். ஆனால் ஹாப்கின்ஸ்? அதற்குள்ளும் ஒரு ராபர்ட் ஒளிந்திருக்கிறார்.

இடைக்கால ஆங்கிலேயர்கள் பெயரைச் சுருக்கி, பிறகு முதலெழுத்தை மாற்றி விளையாடினார்கள். நாம் 'காபி கீபி' என்று சொல்வோமே, அந்த மாதிரி. ராபர்ட் முதலில் ராப் ஆனார், அப்புறம் ஹாப், டாப், நாப். ராப்பிலிருந்து ராப்சன், ராபின்சன். ஹாப்பிலிருந்து ஹாப்சன், ஹாப்கின்ஸ். டாப்பிலிருந்து டாப்சன். ரிச்சர்டு இதே வழியில் ரிக், ஹிக், டிக் ஆனதால் ஹிக்ஸ், டிக்சன், டிக்கன்ஸ் எல்லாம் ரிச்சர்டின் வாரிசுகள். ரோஜரின் செல்லப்பெயர் ஹாட்ஜ், எனவே ஹாட்ஜ்சன் ரோஜரின் மகன். வால்ட்டரைச் சுருக்கி வாட் என்றார்கள். அதிலிருந்து வாட்சன், வாட்கின்ஸ், வாட் மூன்றும் வந்தன. 60 வாட் பல்பு என்கிறோமே, அந்த அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் வாட் ஸ்காட்லாந்துக்காரர். எப்போதோ வாழ்ந்த ஒரு வால்ட்டரின் செல்லப்பெயர்தான் நம் மின்கட்டண அட்டை வரைக்கும் வந்திருக்கிறது.

வடக்கே 'சன்' போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் வெறும் 'ஸ்' போதும் என்று விட்டார்கள். வில்லியமின் மகன் வடக்கே வில்லியம்சன், மேற்கே வில்லியம்ஸ். நார்மன்களுடைய பாணி 'ஃபிட்ஸ்'. அது மகன் என்னும் பிரெஞ்சுச் சொல்லின் பழைய வடிவம், ஃபிட்ஸ்ஜெரால்டில் இருப்பது. வேல்ஸில் மகனுக்கு 'அப்'. அப் ரீஸ் என்று வேகமாகச் சொல்லிச் சொல்லி பிரைஸ் ஆனது, அப் ஹவெல் பவெல் ஆனது, அப் ஹாரி பாரி ஆனது. 1788இல் சென்னையில் வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி ஒரு வேல்ஸ்காரர். முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலுக்கும் பாரிமுனைக்கும் தொடர்பில்லை, அது ஹாரி மகன் முனை.

திருக்குறளில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லீஸ் துரை பெயரிலும் ஒரு தந்தை இருக்கிறார். எலியா தீர்க்கதரிசியின் பெயர் இடைக்கால இங்கிலாந்தில் எலிஸ் என்று வழங்கியது. தாய்வழிப் பெயர்களும் கொஞ்சம் உண்டு. மேரியின் செல்ல வடிவமே மாரியட்.

துணியை மிதித்தவர்கள்

தொழில் பெயர்களில் ஸ்மித் முதலிடம். கொல்லர் இல்லாத ஊர் இல்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இன்றைக்கும் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் அதுதான். டெய்லர், பேக்கர், கார்ட்டர், குக் எல்லாம் பார்த்தவுடனே புரிந்துவிடும். ஃபிளெட்சர் அம்பு செய்தவர், கூப்பர் மரப்பீப்பாய் செய்தவர், வெயின்ரைட் வண்டி செய்த தச்சர். பெரிய வீடுகளில் உக்கிராண அறையைக் கவனித்துப் பண்டங்களை அளந்து கொடுத்தவர் ஸ்பென்சர். அண்ணா சாலையில் அத்தனை பெரிய மளிகை சாம்ராஜ்யத்துக்கு அந்தப் பெயர் அமைந்ததைப் பார்த்தால், யாரோ அகராதியைப் புரட்டி வைத்த மாதிரி இருக்கிறது. உண்மையில் அது அந்தக் கடையைத் தொடங்கியவர்களில் ஒருவருடைய குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்று நினைப்போம். நடந்தது உண்மைதான், ஆனால் சாலையில் இல்லை.

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி, ஆட்டுரோமத்தின் கொழுப்போடு பிசுபிசுவென்று தளர்வாக இருக்கும். அதை ஒரு தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் பல நாள் புளித்த மூத்திரமும் ஊற்றி, அதற்குள் இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். புளித்த மூத்திரத்தில் உள்ள அம்மோனியா கொழுப்பை எடுத்துவிடும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கி, துணி தடிப்பாகும். குளிர்நாட்டில் மழை தாங்கும் மேலங்கி அப்படித்தான் தயாரானது. இந்த வேலையைச் செய்தவருக்கு இங்கிலாந்தின் வடக்கிலும் நடுப்பகுதியிலும் பெயர் வாக்கர். தென்கிழக்கில் அவரே ஃபுல்லர். டெவன் போன்ற தென்மேற்கு மாவட்டங்களில் டக்கர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு 'வதைப்பது' என்று பொருள், துணிக்கு நேர்ந்ததை நினைத்தால் பொருத்தம்தான். ஒரே தொட்டி, ஒரே நாற்றம், மூன்று பெயர்கள். எனவே ஒரு குடும்பத்தின் பெயர் டக்கர் என்றால் தொழிலோடு சேர்த்து முன்னோர் வாழ்ந்த திசையும் ஓரளவு தெரிந்துவிடுகிறது. அந்தக் களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஃபுல்லர் மண்' என்றே பெயர். நாம் முகத்தில் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டி அதுதான்.

பேக்ஸ்டர், வெப்ஸ்டர், புரூஸ்டர் ஆகியவற்றில் வரும் 'ஸ்டர்' முதலில் பெண்பால் விகுதி. ரொட்டி சுட்டவள், நெய்தவள், பீர் வடித்தவள். குடும்பப் பெயர்கள் உருவான காலத்துக்குள் அந்த வேறுபாடு மங்கி, ஆண்களையும் அதே பெயரால் குறிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

குளிர்ந்த ஊற்று, கோணல் வாய்

இடப்பெயர்கள்தான் எண்ணிக்கையில் ஏராளம். ஹில், வுட், புரூக், ஃபோர்டு எல்லாம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மேடு, காடு, ஓடை, ஆற்றுத்துறை. 'டன்', 'ஹாம்', 'லி' என்று முடிபவை பெரும்பாலும் ஊர்ப்பெயர்கள். 'பி' என்று முடிந்தால் வைக்கிங்குகள் குடியேறிய வடகிழக்குப் பக்கத்து ஊராக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் முன்னோர் டர்ஹாம் பகுதியில் உள்ள வாஷிங்டன் என்ற ஊர்க்காரர்கள். நாஷ் என்ற பெயரில் நடந்தது இன்னும் வேடிக்கை. 'ஆஷ் மரத்தடியில்' இருந்தவரை 'அட்டன் ஆஷ்' என்றார்கள். நம் புணர்ச்சி விதி போல 'ன்' அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ள, மரம் நாஷ் ஆகிவிட்டது. லாங்பாட்டம், ராம்ஸ்பாட்டம் போன்ற பெயர்களைக் கேட்டுப் பள்ளிப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அங்கே 'பாட்டம்' என்றால் பள்ளத்தாக்கின் அடிநிலம்.

கால்டுவெல் என்றால் குளிர்ந்த ஊற்று. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அந்தப் பெயரில் பல இடங்கள் உண்டு, குளிர்ந்த ஊற்றுக்கு அந்தத் தீவில் பஞ்சமா என்ன? அதனால் இரண்டு கால்டுவெல்கள் சந்தித்தால் உறவு கொண்டாட அவசரப்பட வேண்டாம். திராவிட மொழிகளை ஒப்பிட்ட நம் கால்டுவெல் அயர்லாந்தில் பிறந்தவர், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள்.

பட்டப்பெயர்களில் கருணையை எதிர்பார்க்கக் கூடாது. ஷார்ட் குள்ளம், லாங் நெட்டை, ஆம்ஸ்ட்ராங் கைவலிமை. ரீட் செம்பட்டை முடிக்காரர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'காம்' என்றால் கோணல்: கேம்ப்பெல் கோணல் வாய், கேமரன் கோணல் மூக்கு. இரண்டும் மாபெரும் குலங்களின் பெயர்கள்! பிளாக் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் கறுப்பைக் குறித்த சொல்லும் வெளிறியதைக் குறித்த சொல்லும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்தன. அதனால் ஒரு பிளாக்கின் முன்னோர் கறுத்த முடிக்காரரா, வெளுத்த முகத்துக்காரரா என்று சொல்ல முடியாது. திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப்பின் குடும்பப் பெயரும் இந்த வகைதான். கடுந்துறவி போல நடந்துகொண்டவரையோ, ஊர் நாடகத்தில் போப்பாண்டவர் வேடம் கட்டியவரையோ அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் கதை வேறு

ஸ்காட்லாந்தை ஒரே நாடாக வைத்துப் பேசினால் பெயர் விஷயத்தில் குழம்பிப்போவோம். தெற்கே, தாழ்நிலத்தில், ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்ஸ் மொழி. அங்கே பெயர்கள் இங்கிலாந்தைப் போலவே உருவாயின. அரசர்களோடு வந்து குடியேறிய நார்மன் பிரபுக்களின் பெயர்களும் சேர்ந்துகொண்டன. ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸின் பெயர் நார்மண்டியில் உள்ள பிரி என்ற ஊரிலிருந்து வந்தது. ஸ்டூவர்ட் என்றால் அரண்மனை மேலாளர். முதலாம் டேவிட் மன்னர் காலத்தில் அந்தப் பதவியைப் பெற்ற குடும்பம், 1371இல் அரியணையிலேயே ஏறிவிட்டது. பதவிப் பெயர் அரச வம்சத்தின் பெயராயிற்று. அந்த வம்சத்தின் பெயரை ஆங்கிலத்தில் இன்று 'யு' போட்டு எழுதுவது, பிரான்சில் வளர்ந்த ஸ்காட்லாந்து அரசி மேரி காலத்துப் பிரெஞ்சுப் பாணி.

வடக்கிலும் மேற்கிலும் உள்ள மலைநாட்டில் கேலிக் மொழி. அங்கே 'மேக்' என்றால் மகன், மகளுக்கு 'நிக்'. மேக்டொனால்டு டொனால்டின் மகன். மேக்கின்டயர் தச்சரின் மகன், மேக்டாகர்ட் பாதிரியாரின் மகன். (அந்தக் காலத்து கேலிக் திருச்சபையில் பாதிரியாருக்கு மகன் இருப்பது பெரிய விஷயமில்லை.) 'மேக்' என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்து, 'மெக்' என்று சுருக்கினால் அயர்லாந்து என்று பலர் அடித்துச் சொல்வார்கள். வெறும் கட்டுக்கதை. இரண்டும் ஒரே சொல், எழுதிய கை வேறு.

ஒரு குலத்தின் பெயர் கொண்ட எல்லாரும் ஒரே இரத்தம் என்பதும் அப்படித்தான். தலைவரின் நிலத்தில் உழுதவர்களும் அவருடைய பாதுகாப்பில் இருந்தவர்களும் அவர் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூன் பள்ளத்தாக்கில் மெக்கிரெகர்கள் கொல்ஹூன் குலத்தாரைக் கொன்று குவித்தார்கள். அந்த ஏப்ரலில் அரசு மெக்கிரெகர் என்ற பெயரையே தடை செய்தது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டால் மரண தண்டனை. 1661இல் தடையை நீக்கி, 1693இல் மறுபடியும் போட்டு, 1774இல்தான் ஒரேயடியாக எடுத்தார்கள். இடையில் வாழ்ந்தவர்கள் கேம்ப்பெல், மர்ரி, டிரம்மண்ட் என்று கிடைத்த பெயருக்குள் பதுங்கினார்கள். புகழ்பெற்ற ராப் ராய் மெக்கிரெகரே தாயின் குடும்பப் பெயரான கேம்ப்பெல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். தடை போன பிறகு எல்லாரும் பழைய பெயருக்குத் திரும்பவில்லை.

அப்புறம் மெக்கன்சி. நம் ஊர்ச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே ஊர்க்காரர். கேலிக்கில் அந்தப் பெயர் 'கொய்ன்யக்கின் மகன்' என்ற பொருளில் வரும், ஆங்கிலத்தில் கென்னத். அதில் 'ச' ஒலியே கிடையாது. எங்கிருந்து வந்தது? பழைய ஸ்காட்ஸ் எழுத்தில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது, பார்ப்பதற்கு 3 என்ற எண் மாதிரி. 'ய' போன்ற ஒலிக்கு அதைப் போடுவார்கள். அச்சு வந்தபோது அச்சுக்கூடங்களில் அந்த எழுத்து இல்லை. வால் போட்ட 'இசட்' அதன் சாயலில் இருந்ததால் அதையே எடுத்துக் கோத்தார்கள். மெக்கன்யி என்பது போல ஒலித்த பெயரை, எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் மெக்கன்சி ஆக்கிவிட்டார்கள். 'மென்சீஸ்' என்று எழுதும் பெயர் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பழைய வழக்கப்படி அதை மிங்ஙிஸ் என்பார்கள். 'அங்ஙனம்' என்பதில் வருகிற அதே ங. ஆங்கிலேயர்கள் திணறும் அந்த ஒலியைத் தமிழில் ஒரே எழுத்தில் எழுதிவிடலாம். டால்சியல் என்று எழுதியிருந்தால் டீயெல் என்று படிக்க வேண்டும்.

எழுத்தை ரொம்ப நம்ப வேண்டாம்

ஸ்மித்தில் 'ஐ'க்குப் பதில் 'ஒய்' போட்டு ஸ்மைத் என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு, கொல்லர் உலை ஒன்றுதான். எல்லீஸ் துரையின் நடுப்பெயரான ஒயிட் என்பதிலும் அதே 'ஒய்' இருக்கிறது. தாம்சனை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'பி' இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்காட்லாந்து, இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்து. ஆனால் ஜான்சனும் ஜான்ஸ்டனும் எழுத்து வேறுபாடு மட்டும் அல்ல. முன்னது ஜானின் மகன், பின்னது ஜானின் ஊர். ஷேக்ஸ்பியரின் கையொப்பங்களில் உறுதியானவை என்று ஏற்கப்பட்டவை ஆறு. அவற்றில் ஒன்றுகூட இன்று நாம் அச்சிடும் எழுத்துக்கூட்டலில் இல்லை. அந்தக் காலத்தில் அதை யாரும் பிழையாக நினைக்கவும் இல்லை.

ஒலியும் எழுத்தும் பிரிந்துபோன பெயர்கள் இங்கிலாந்திலும் உண்டு. சொல்மொண்டெலி என்று எழுதி சம்லி என்பார்கள். ஃபெதர்ஸ்டன்ஹா என்று நீட்டி எழுதி ஃபேன்ஷா என்று முடித்துவிடுவார்கள். திருச்சிராப்பள்ளியைத் திருச்சி ஆக்கிய நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இணையத்தில் உங்கள் குடும்பப் பெயருக்கான மரபுச் சின்னம் என்று ஒரு கேடயப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு விற்பார்கள். காசை வீணாக்க வேண்டாம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அத்தகைய சின்னம் குறிப்பிட்ட ஒரு நபருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது, பெயருக்கு உரியது அல்ல. மரபணு ஆய்வு இதைவிடச் சுவையானது. 2000ஆம் ஆண்டில் பிரையன் சைக்ஸ் என்ற மரபியலாளர் தன் சொந்தக் குடும்பப் பெயரையே சோதித்துப் பார்த்தார். சைக்ஸ் என்றால் யார்க்‌ஷயர் பக்கத்தில் சிற்றோடை. ஓடைகள் எங்கும் இருப்பதால் சைக்ஸ்கள் பல மூலத்திலிருந்து வந்திருப்பார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சோதித்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் ஒய் குரோமோசோம், அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் மரபுக்கூறு, ஒன்றுபோல இருந்தது. இந்தப் பெயருக்கு ஒரே மூதாதை இருந்திருக்கலாம். மீதிப் பாதியில் தத்து, தாயின் பெயரை ஏற்றவர்கள், வெளியே சொல்லாத சங்கதிகள் எல்லாம் கலந்திருக்கும்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பக்கி என்ற துறைமுகத்தைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் ஸ்மித், கோவி போன்ற சில பெயர்களே ஊர் முழுக்க நிறைந்துவிட்டன. குடும்பப் பெயர், இயற்பெயர் இரண்டுமே ஒன்றாக உள்ள ஆட்கள் ஒரே தெருவில் பலர். கடிதம் கொண்டுவந்த தபால்காரர் என்ன செய்வார்? அதனால் ஊரார் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்கு 'டீ-பெயர்' என்று பெயர். அது தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது, கடைசியில் அரசாங்கப் பதிவேடுகளிலும் குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் ஏறியது.